வெள்ளைச்சோளம் இருக்க மைதா எதற்கு?

கேள்வி: மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேகம்பேட்டில் தடுக்கி விழுந்தால் பேக்கரி. உஸ்மானியா பிஸ்கட்டைப் பார்த்து ஏங்குகிறாள். குளூட்டன் இல்லாத பிஸ்கட்டை வீட்டிலேயே சுட முடியுமா? (வாசகி, பேகம்பேட்)

பதில்: தாராளமாக! இதற்கு ஹைதராபாத்தைவிடத் தோதான ஊர் எது? சோளத்தையும் கம்பையும் ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் 1972-இல் தொடங்கப்பட்டு பட்டன்செருவில் இயங்குகிறது. சிறுதானியங்களுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ராஜேந்திரநகரில் இருக்கிறது. ஜொன்ன ரொட்டெ என்னும் சோள ரொட்டியைத் தட்டும் பெண்களும் அந்த விஞ்ஞானிகளுக்கு இளைத்தவர்கள் அல்ல. குளூட்டன் இல்லாத சோள மாவு ஒட்டாமல் விரியும். கொதிநீர் ஊற்றிப் பிசைந்து அதை வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பிஸ்கட்டில் அந்த வேலையை ஆளி விதை பார்த்துக்கொள்ளும். ஒரு ஸ்பூன் பொடியை மூன்று ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும். அதோடு ஒரு கப் வெள்ளைச்சோள மாவு, கால் கப் வறுத்த வேர்க்கடலைப் பொடி, அரை கப் நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு உருக்கிய நெய். பிசைந்து அரைமணி நேரம் மூடிவைத்து, 170 டிகிரியில் கால்மணி நேரம் சுட வேண்டும். சூட்டில் தொட்டால் உடையும், தட்டிலேயே ஆறட்டும்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் மாவு மில்தான். கோதுமை அரைத்த கையோடு சோளத்தைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட இந்திய விதி அனுமதிப்பதே கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான்.

கார பிஸ்கட் என்றால் பெருங்காய டப்பாவையும் படித்துவிடுங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு உண்டு.