நாரத்தைக்குக் கட்டிய அரண்மனை

(போன இதழில் ‘ஆரஞ்சரி’ மாதிரிக் கட்டடங்களை ஆவணப்படுத்த வேண்டும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வாசகர்கள் சும்மா விடவில்லை. இந்த வாரம் முழுக்க அதே கச்சேரி.)

● ஆரஞ்சரி என்பது தோட்டமா, ஜூஸ் கடையா? (சேலம் வாசகர்)

மரங்களுக்கான குளிர்கால வீடு. ஐரோப்பியப் பனியில் ஆரஞ்சு மரம் பிழைக்காது. அதனால் தொட்டியில் வளர்த்து, குளிர் வந்ததும் உள்ளே கொண்டுபோய், வெயில் திரும்பியதும் வெளியே எடுத்து வைப்பார்கள். வடக்கே தடித்த சுவர், தெற்கே ஆளுயரத்தைத் தாண்டிய ஜன்னல்கள். பிரான்சின் பதினான்காம் லூயிக்காக வெர்சாயில் ஹார்டுவான்-மான்சார் 1684-86ல் கட்டியது இந்த வகையில் சக்கரவர்த்தி. நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். இன்றும் ஆயிரத்துக்கும் அதிகமான தொட்டி மரங்கள் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

● நமக்கும் இதற்கும் என்ன ஒட்டு உறவு? (மதுரை வாசகி)

பெயர்தான் உறவு. வடமொழியில் ‘நாரங்க’, அது பாரசீகம், அரபு, ஸ்பானிஷ் என்று ஊர் சுற்றி, வழியில் முதல் ‘ந’வைத் தொலைத்து ‘ஆரஞ்சு’ ஆயிற்று. அந்த ‘நாரங்க’ திராவிட மொழிகளிலிருந்து போனது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. நம் வீட்டு நாரத்தை ஊறுகாய் ஜாடியில் உப்போடு கிடக்கிறது. அதன் பங்காளிக்கு அரண்மனை!

● ஆரஞ்சரியும் கண்ணாடி மாளிகையும் ஒன்றா? (கரூர் வாசகர்)

கட்டடத்தில் ஜன்னல் வைத்தால் ஆரஞ்சரி. ஜன்னலையே கட்டடமாக்கினால் கண்ணாடி மாளிகை. லண்டன் கியூ தோட்டத்தில் இரண்டையும் பார்க்கலாம். அங்கே வில்லியம் சேம்பர்ஸ் 1761ல் கட்டிய ஆரஞ்சரி அழகுதான். செடிக்குத்தான் வெளிச்சம் போதவில்லை. இப்போது அது உணவகம். பிற்பாடு இரும்பு வேலைக்காரர்கள் வந்தார்கள். 1845ல் பிரிட்டன் கண்ணாடி வரியை ஒழிக்க, கண்ணாடி மலிந்தது. டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும், கப்பல் கட்டும் நுட்பத்தைக் கடன் வாங்கி, 1844-48ல் அங்கே பனைமர மாளிகையை எழுப்பினார்கள். கூரை, கவிழ்த்து வைத்த கப்பல் மாதிரியே இருக்கும்.

● செடி வைக்கிற கொட்டகைக்கு ஆவணம் எதற்கு? நாலு போட்டோ போதாதா? (திருச்சி வாசகர்)

இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த்தில், பின்னாளில் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மண்டபத்தைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் 1836ல் தொடங்கி ஒரு மாபெரும் கண்ணாடி மாளிகை கட்டினார். முதல் உலகப் போரில் கொதிகலனுக்கு நிலக்கரி இல்லை, செடிகள் செத்தன. 1920ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்கோயில் ஆயிரம் வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தாலும் நிற்கும். கண்ணாடி மாளிகைக்கு ஒரு குளிர்காலம் அடுப்பு அணைந்தால் போதும்.

போட்டோவில் முகம் விழும், குடல் விழாது. கியூவின் பனைமர மாளிகையில் கொதிகலன் புகை, சுரங்க வழியாகத் தூரத்தில் நிற்கும் ஒரு கோபுரத்துக்குப் போயிற்று. மாளிகையை மட்டும் படமெடுத்தவருக்கு அந்தக் கோபுரம் புகைபோக்கி என்றே தெரியாது.

● அப்படியானால் எதையெல்லாம் பதிய வேண்டும்? (கோவை, கட்டடக்கலை மாணவி)

அமெரிக்காவில் 1933 முதல் நடக்கும் வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டம் மூன்றைக் கேட்கிறது: அளவெடுத்த வரைபடம், தரமான புகைப்படம், எழுதிய வரலாறு. கண்ணாடி மாளிகைக்கு நான் இன்னும் சில சேர்ப்பேன். சூடு எங்கிருந்து வந்தது? காற்று எந்த வழியாக வெளியேறியது? இரும்பை வார்த்த பட்டறை எது? உள்ளே என்ன வளர்ந்தது?

● இப்படிப் பதிந்தது என்றைக்காவது உதவியிருக்கிறதா? (நாகர்கோவில் வாசகர்)

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணையில் 1787ல் முடிந்த செடி மாளிகை 1835ல் எரிந்துபோனது. 1951ல் மறுபடி கட்டியபோது கைகொடுத்தவற்றில் ஒன்று, காப்பீட்டுக்காக வரைந்த ஒரு பழைய படம். பாலிசிப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்!

● வரலாறு என்றால் ராஜா பெயரும் இன்ஜினீயர் பெயரும்தானே? (தஞ்சாவூர் வாசகி)

சாட்டையடிக் கேள்வி. அமெரிக்காவின் மேரிலாந்தில் வை ஹவுஸ் என்ற பண்ணையில் 18ஆம் நூற்றாண்டு ஆரஞ்சரி ஒன்று இன்றும் நிற்கிறது. அந்தப் பண்ணையில் சிறுவயதில் அடிமையாக இருந்தவர், பின்னாளில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸ். அங்கே பழத்தோட்டத்து வேலியில் தார் பூசியிருந்ததை அவர் 1845ல் எழுதினார். உடம்பில் தார் ஒட்டியிருந்தால் திருட வந்தவன் என்று சவுக்கடி. பழத்தை வளர்த்த கைக்குப் பழம் கிடையாது.

மேரிலாந்து பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் அந்த ஆரஞ்சரியைத் தோண்டினார்கள். அதை ஒட்டிய அறையில் அடிமைகள் குடியிருந்தது தெரிந்தது. வாசலில் கல் அம்பு முனைகளும் ஒரு நாணயமும் புதைந்திருந்தன. ஆப்பிரிக்க வழக்கப்படி வைத்த காப்பு என்கிறார்கள். நாம் நிலை வைக்கும்போது காசு போடுகிறோமே, அப்படி. எசமானர்களின் பெயர் பத்திரத்திலேயே இருக்கிறது. அடுப்பு எரித்தவர்களுக்கு அந்த வாசல்தான் பத்திரம். அதை விட்டுவிட்டு எடுக்கிற அளவு, தச்சன் எடுக்கிற அளவுதான், ஆவணம் ஆகாது.

● நான் சாதாரண ஆள். என்னால் என்ன முடியும்? (ஈரோடு வாசகர்)

பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு (1889ல் அடிக்கல் நாட்டியது) மலர்க் கண்காட்சி பார்க்கப் போவீர்கள். ஊட்டிக்கும் போவீர்கள். ரோஜாவோடு செல்ஃபி எடுத்த பிறகு, தூணின் அடியை ஒரு படம், கூரையின் மூட்டை ஒரு படம் எடுங்கள். வயதான தோட்டக்காரர் இருந்தால் இரண்டு வார்த்தை கேளுங்கள். படத்தின் பின்னால் தேதியையும் அவர் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.