மணி அடிக்கத் தெரியாத கோழி

"சீசர் ஒண்ணும் பண்ணாதுங்க."

வாயோரம் இறகு ஒட்டிக்கொண்டு நிற்கிற நாயின் தலையைத் தடவியபடி வீட்டுக்காரர் சொல்கிற முதல் வாக்கியம் இது. இரண்டாவது, "சும்மா வெளையாடியிருக்கும்." மூன்றாவது, "எங்க நாய்தான்னு எப்படிச் சொல்றீங்க?" முதல் வாக்கியத்தில் நாய் சாது. இரண்டாவதில் குழந்தை. மூன்றாவதில் அது அந்த இடத்துக்கே வரவில்லை. ஒரே மூச்சில் மூன்று வாதம், ஒன்றையொன்று வெட்டுகிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல். நீதிமன்றத்தில் இப்படிப் பேச வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டும். இங்கே கேட்டுக்கு உள்பக்கம் நின்றாலே போதும்.

கொங்கு நாட்டில் ஊருக்கு ஒரு சீசர் இருக்கிறது. டைகர், ராக்கி, புரூனோ என்று பெயர்தான் மாறும். தோட்டத்தை மனை பிரித்து விற்ற இடத்தில் எழும்பிய புது வீடு, மூன்று பக்கம் ஆளுயரச் சுவர், நாலாவது பக்கம் பெரிய கேட். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை. அதை மாட்டிய நிமிடத்திலிருந்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வேலை அடுத்தவருடையது. மாலையில் கார் உள்ளே வருவதற்காகத் திறந்த கேட்டை மூட அந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. சீசருக்கு மட்டும் நன்றாக நினைவிருக்கும்.

பக்கத்தில், மனை பிரிப்பதற்கு முன்பிருந்தே நிற்கிற ஓட்டு வீடு. அங்கே ஒரு சேவல், நாலைந்து பெட்டை, குஞ்சோடு ஒரு தாய்க்கோழி. தீவனச் செலவு கிடையாது. குப்பைமேடு இருக்கிறது, போதாதபோது பானைக்குள் பழைய சாக்கு, காய்ந்த சாணி, ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் விருந்து. முட்டையில் பாதி பேரப்பிள்ளைக்கு, பாதி கடைக்கு. பள்ளிக்கூடத்தில் பணம் கேட்டால் ஒரு விடைக்கோழி போகும். நோம்பிக்கு ஒரு சேவல் போகும். அந்த வீட்டு அம்மாவுக்கு வங்கிக் கணக்கும் உண்டுதான். ஆனால் அவசரத்துக்குக் கைக்கு வருகிற பணம் வாசலில் காலால் கிளறிக்கொண்டு திரிகிறது. இது அரசாங்கத்துக்கும் தெரியும். தெரிந்துதான் கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இலவசமாகவும் மானியத்திலும் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சங்கிலி கொடுப்பதற்கு அந்தத் திட்டத்தில் நிதி ஒதுக்கவில்லை.

விளையாட்டு என்று அவர் சொல்வது ஒருவகையில் உண்மை. சீசருக்குப் பசி இல்லை. காலையில் பால், மதியம் கறிச்சோறு, ராத்திரிக்குப் பாக்கெட் தீனி. ஓடுவதைத் துரத்து, படபடப்பதைக் கவ்வு, கவ்வியதை உலுக்கு என்பது நாயின் ரத்தத்தில் ஊறியது. பருந்து ஒரு குஞ்சைத் தூக்கினால் அதோடு போய்விடும். வயிறு நிறைந்த வீட்டு நாய் அப்படிப் போகாது. ஒன்று அசையாமல் போனதும் அசைகிற அடுத்ததன் மேல் பாயும். தின்னாது. கடைசிச் சிறகு அடங்கும்வரை ஆட்டம். தாய்க்கோழி சிறகை விரித்து எதிரே வந்து முதலில் சாகும். நாய் தொடாத குஞ்சுகள் ராத்திரி அணைப்புச் சூடு இல்லாமல் சாகும், மிஞ்சியதைக் காக்கை பார்த்துக்கொள்ளும். தப்பித்த பெட்டையின் முதுகில் சின்னதாக ரெண்டு பல் தடம்தான் தெரியும். மஞ்சள் அப்பிக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தால் விடியும்போது விறைத்துக் கிடக்கும். உள்ளே நசுங்கியது வெளியே தெரிவதில்லை. உயிரோடு இருப்பவையும் மிரண்டுபோய் நாள்கணக்கில் முட்டையிடுவதில்லை. இத்தனையையும் கூட்டிச் சொன்னால், "ரெண்டு கோழிக்கு இவ்வளவு கணக்கா?" என்று சிரிப்பார் நம் வீட்டுக்காரர். கார் கதவில் கீறல் விழுந்தால் காப்பீட்டுக்காரரோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நிற்கிற மனிதர்தான் அவர்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். முதலில் சிரிப்பார்கள், கோழி என்றாலே ஸ்டேஷனில் ஏனோ எல்லோருக்கும் சிரிப்பு. அது அடங்கிய பிறகு சட்டத்தைப் பார்ப்போம். வளர்க்கும் மிருகத்தை அஜாக்கிரதையாக விடுவதற்கு 1860ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு இருந்தது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா. காலனி ஆட்சியின் மிச்சத்தைத் துடைத்தெறிகிறோம் என்று தண்டோரா போட்டுக் கொண்டுவந்தார்கள். துடைத்துப் பார்த்தால் அதே பிரிவு 291 என்ற எண்ணை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அபராதம் மட்டும் 5,000 வரை ஏறியிருக்கிறது. அன்றும் இன்றும் அது காப்பது மனித உயிரை, மனிதருக்கு நேரும் கொடுங்காயத்தை. சீசர் அந்த அம்மாவின் கெண்டைக்காலைக் கிழித்திருந்தால் வழக்கு நிற்கும். விவரம் புரியாத நாய், கோழியைக் கடித்துத் தொலைத்துவிட்டது. அடுத்த முறை அது வரும்போது கோழிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சட்டத்தின் ஆலோசனை போலிருக்கிறது.

சரி, ஆத்திரத்தில் அந்த அம்மா கல்லெடுத்து எறிந்து சீசரின் கால் ஒடிந்தால்? அப்போது சட்டம் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். 325ஆம் பிரிவு: கெடுநோக்கோடு விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. கோழியும் விலங்குதானே, கோழி செத்ததற்கு இதே பிரிவு வராதா என்று வெகுளியாகக் கேட்கக் கூடாது. கேடு செய்யும் எண்ணமாவது, கேடு நேரும் என்ற அறிவாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். நாய்க்கு எண்ணம் இல்லை. வீட்டுக்காரருக்கு அறிவு இல்லை. ஐந்தாவது கோழி செத்த பிறகும் அவருக்கு அது வரவில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

இந்தச் சட்டத்தை நமக்கு எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரன் தன் வீட்டில் இப்படி நடந்துகொள்ளவில்லை. நாயின் குணம் முன்பே தெரிந்திருந்தால்தான் எசமான் பொறுப்பு என்கிற பழைய வழக்கம் அங்கும் இருந்தது. கால்நடை விஷயத்தில் அந்தச் சலுகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாய்களிடமிருந்து கால்நடையைக் காக்கவென்றே 1953இல் ஒரு சட்டம் போட்டார்கள். விவசாய நிலத்தில் நாய் கால்நடையைத் தொல்லைப்படுத்தினால் எசமான் குற்றவாளி. கால்நடைப் பட்டியலில் கோழியும் உண்டு. 1971ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி, நாய் கொன்றதற்கு அதை வைத்திருப்பவர் நஷ்டம் கொடுத்தாக வேண்டும். "ஒண்ணும் பண்ணாதுங்க" என்பது அங்கே பதில் ஆகாது.

நமக்கு 1871இல் கிடைத்தது கால்நடை அத்துமீறல் சட்டம். அடுத்தவர் நிலத்தில் மேய்ந்து சேதம் செய்கிற மிருகத்தைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம். எந்தெந்த மிருகம் என்று பட்டியலே இருக்கிறது: மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு, ஆட்டுக்குட்டி, யானை, ஒட்டகம். ஒட்டகத்தைக்கூட நினைத்துப் பார்த்த மகான்கள் நாயை மறந்துவிட்டார்கள். ஆகவே அந்த அம்மாவின் வெள்ளாடு வீட்டுக்காரரின் குரோட்டன்ஸ் செடியைக் கடித்தால் அதைப் பவுண்டுக்கு ஓட்டிப்போக அவருக்கு உரிமை உண்டு. அவருடைய நாய் அந்த அம்மாவின் கோழிகளை வரிசையாகக் கடித்துப் போட்டால் அந்த அம்மாவுக்கு உரிமை, ஒப்பாரி வைப்பதற்கு.

மனுநீதிச் சோழனை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிறுத்தியிருக்கிறோம். கலெக்டர்கள் அவன் பெயரில் மனுநீதி நாள் நடத்துகிறார்கள். கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது, அரசன் இறங்கி வந்தான் என்பது கதை. பசுவுக்குக் கயிறு எட்டியது. கோழிக்கு எட்டாது. இத்தனைக்கும் சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர். சேவல் ஒன்று யானையை எதிர்த்து விரட்டிய மண் என்று சொல்லி வைத்த பெயர். யானையை வென்ற வம்சம் ஒரு லேப்ரடாருக்குப் பயந்து வைக்கோல்போரில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவும் பேசி முடிக்கும்போது வீட்டுக்காரருக்குத் திடீரென்று பக்தி வரும். "நாய் பைரவருங்க, அடிச்சாப் பாவம்." அடிக்கச் சொன்னது யார்? கட்டச் சொன்னார்கள். சேவல் முருகன் கொடியில் இருப்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் மாதம் தவறாமல் காரில் போய் வருகிறவருக்கு அது தெரியும். அடுத்து ஜீவகாருண்யம். "எந்நேரமும் கட்டிப் போட்டா மிருகவதைச் சட்டம் வரும்." 1960ஆம் வருடத்துச் சட்டத்தில் அவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். குட்டையான, கனத்த சங்கிலியில் அளவுகடந்த நேரம் கட்டாதே என்கிறது. கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போ என்கிறது. அதாவது நாயின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வீட்டுக்காரருக்கு முட்டுவலி. சீசர் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது.

பிறகு ஆலோசனைப் படலம். "கோழியைக் கூண்டுல அடைச்சு வெக்க வேண்டியதுதானே?" எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். கடித்தவன் திரியலாம், கடிபட்டவள் உள்ளே இருக்க வேண்டும். வயசுப்பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்குக்கு இது கஷ்டமே இல்லை. கூண்டில் அடைத்தால் நாட்டுக்கோழிக்கு மூன்று வேளை தீவனம் வாங்கிப் போட வேண்டும்; போட்டால் அந்த முட்டையில் அந்த அம்மாவுக்கு மிச்சமாவது ஓடுதான். ராத்திரிக்குக் கூடாப்பில் அடைப்பது கீரிக்கும் பூனைக்கும் அஞ்சி. பகலிலும் அடை என்பது, உன் பிழைப்பை மூடு என்பது. கம்பி வலை அடித்துக்கொள்ளச் சொல்கிற யாரும் வலைக்குப் பணம் தருவதாகச் சொன்னதில்லை.

தெருநாயாக இருந்தாலாவது ஊர் சேரும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் புகுந்து தெருநாய்கள் ஆடுகளைக் குதறியபோது, செத்த ஆடுகளைச் சாலைக்குத் தூக்கி வந்து விவசாயிகள் போராடினார்கள். அதற்குப் பிறகுதான் இழப்பீட்டுப் பேச்சு அரசுக் காகிதத்தில் ஏறியது. வெள்ளத்தில் செத்த கோழிக்குக்கூட விலை உண்டு. பேரிடர் நிவாரண விதியில் கோழி ஒன்றுக்கு 100 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். நாட்டுக்கோழிக் கடைப் பக்கமே போகாதவர்கள் போட்ட விலை, இருந்தாலும் ஒரு விலை. பட்டை கட்டிய நாயும் முகவரி உள்ள எசமானும் சேர்ந்தால்தான் ஒரு விதியும் கிட்டே வராது. வெறுங்கழுத்தோடு திரியும் நாய் கடித்தால் அரசு பொறுப்பு. பேர் சூட்டி, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய நாய் கடித்தால் ஒருவரும் பொறுப்பில்லை.

கடைசியில் சிலர் குருணை மருந்தைக் கறியில் வைக்கிறார்கள். அவர்களைச் சும்மா விடுவதற்கில்லை. விஷம் சீசரை மட்டும் தேடிப் போவதில்லை. மயிலும் பூனையும் காக்கையும் மேய்ச்சல் நாயும் சாகும். கேட்டைத் திறந்து போட்ட ஆள் மட்டும் காலையில் பல் துலக்கிக்கொண்டு நிற்பார். கேட்கத் துணிச்சல் இல்லாமல் நாய்க்கு மருந்து வைப்பதும், கேட்டை மூடச் சோம்பி நாயை ஏவிவிட்டதுபோல் விடுவதும் ஒரே கோழைத்தனம். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்பது பாட்டி வைத்தியம். எசமானின் கழுத்தில் கட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

போன வாரம் ஒரு பஞ்சாயத்து. டீக்கடை பெஞ்சில் நாலு பெரியவர்கள். வழக்கம்போல் நடந்த எதையும் விசாரிக்கவில்லை. யார் மனதும் நோகக் கூடாது என்பதை மட்டும் விசாரித்தார்கள். "ஏனுங்க, நாயைக் கட்டி வெக்கக் கூடாதுங்களா, அவ்வளவுதானுங்க கேக்கறேன்" என்றாள் அந்த அம்மா. அதற்குப் பதில் சொல்லவில்லை. செத்தவை ஏழு, அடைக்கு வைத்திருந்த முட்டைகள் தனி. தொகை 500 ரூபாய் என்று முடிவாயிற்று. வீட்டுக்காரர் பர்ஸை எடுத்தார், ஒரே நோட்டாக நீட்டினார், பெருந்தன்மையோடு "கோழியத் தூக்கிப் போட வேண்டாம்மா, கொழம்பு வெச்சுக்குங்க" என்றார். நாய் கடித்துக் கிடந்ததைத் தின்னச் சொன்னது தவறு என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மா நோட்டை வாங்காமல் எழுந்தாள். அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க கோழிக்கு ஏதும் சீக்கு கீக்கு இருந்துச்சா? காலையிலிருந்து சீசர் சரியா சாப்பிடல. டாக்டர்கிட்டக் காட்டினா ஆயிரம் ரூவா ஆகும். அதை யாரு குடுப்பாங்க?"