செக்கன் விசாரம்

சென்ற சோளகக் காலத்தில் ஒரு நாள் முற்பகலில், மன்னார்ப் பக்கத்து வங்காலைக் கடற்கரையில், வாடியின் நிழலில் குந்தியிருந்து வள்ளத்து இஞ்சின் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துப் பரிகாரம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், எனக்கு ஒரு சிறு சந்தேகம் உண்டு, அதை நிவர்த்தி செய்தருள வேண்டும் என்று நான் விநயத்துடன் விண்ணப்பித்துக்கொண்டபோது, அவர் தலை நிமிராமலே திருவாய் மலர்ந்த நான்கு வாக்கியங்களே இந்த ஆராய்ச்சிக்கு மூலபாடமாகும். "ஒரு செக்கன் நில்லுங்க மாஸ்டர்" என்பது முதல் வாக்கியம். கபரேட்டரிலிருந்து ஒரு சிறு ஆணியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, "இது செக்கன்ட்ஹான்ட் சாமான், அதுதான் இந்தக் கரைச்சல்" என்றது இரண்டாவது. மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் பக்கத்தில் நின்ற இளைஞனைக் கண்ணால் சுட்டி, "தம்பி செக்கன்ட் ஷை எடுக்கப் போறான், படிக்கச் சொல்லுங்க" என்றது மூன்றாவது. பின்பு ஏதோ நினைவு வந்தவராய், "ராத்திரிச் சங்கக் கூட்டத்தில அந்தப் பிரேரணையச் செக்கன்ட் பண்ணினதே நான்தான்" என்றது நான்காவது. இவ்வளவும் முடிந்து அவர் என்னை நோக்கி நிமிர்ந்தபோது, என் கைக்கடிகாரத்தின் செக்கன் கம்பி பத்து முறை முழுவட்டம் சுற்றிப் பதினோராவது சுற்றில் அடியெடுத்து வைத்திருந்தது.

ஒரே மணற்பரப்பில், ஒரே வாயிலிருந்து, ஒரே சொல்லானது காலமாகவும், பழம்பொருளாகவும், பரீட்சையாகவும், சம்மதமாகவும் நான்கு அவதாரம் எடுத்த இந்த விசித்திரத்தை வித்துவ உலகம் இதுகாறும் கவனியாது விட்டது பெருங்குறை என்று எனக்குப் பட்டது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்றுவதையே இலங்கை மாணாக்கர் செக்கன்ட் ஷை என்பர். ஷை என்பது எறிந்து பார்த்தல். இங்கிலாந்துக் களியாட்டங்களில் பந்தெறிந்து தேங்காயை விழுத்தும் விளையாட்டொன்றுக்கு அதுவே பெயர். தென்னை முளைக்காத தேசத்தார் தேங்காய்க்கு எறிய, தென்னை நிறைந்த தேசத்தார் சர்வகலாசாலைக்கு எறிகிறோம். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று ஆங்கிலத்தைப் பரிகசிக்கப் புறப்படுவோர், ஆடி மாதத்தில், ஜூலை 26 இல் வரும் புனித அன்னாள் திருவிழாவுக்கு வங்காலைக்கு ஒருமுறை வந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சானில் கச்சான் கோது பறப்பதைக் கண்டு, அதன்பின் வாய் திறப்பது உத்தமம்.

நிற்க. சொல்லின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். லத்தீன் பாஷையில் தொடர்தல், பின்செல்லுதல் என்னும் பொருளுடைய ஒரு வினைச்சொல்லிலிருந்து செக்குந்துஸ் என்னும் பெயரடை பிறந்தது. முதலாவதன் பின் வருவது எதுவோ அது இரண்டாவது என்பது அதன் நியாயம். ஆங்கிலேயர் இதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கடன்பெற்றார்கள். அதற்கு முன்பு அவர்களிடம் இரண்டாவது என்பதற்குத் தனிச்சொல்லே கிடையாது. மற்றையது என்று சொல்லி ஒப்பேற்றி வந்தார்கள். ஆதலால், இரவல் சொல்லை நாம் வாங்கினோம் என்று நாணத் தேவையில்லை. நாம் வாங்கியது இரவலின் இரவல், அதாவது சாட்சாத் செக்கன்ட்ஹான்ட் சொல்.

ஆனால் லத்தீனர் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் வைத்திருந்தனர். அதுவே என்னை இக்கடற்கரைக்கு இழுத்து வந்தது. கப்பலின் பின்னாலிருந்து வீசி, பாயை நிறைத்து, போக நினைத்த திசைக்கே உந்தித்தள்ளும் காற்றை அவர்கள் செக்குந்துஸ் என்றார்கள். அது காரணமாக, வாய்ப்பானது, அனுகூலமானது என்னும் பொருளும் அச்சொல்லுக்கு ஏறிற்று. வாடைக் காலத்தில், 2010 ஆம் ஆண்டு முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ள 4,839 ஹெக்டேயர் விஸ்தீரணமான வங்காலைச் சரணாலயத்துக்கு வடக்கேயிருந்து வந்திறங்கும் பறவைகள், லத்தீன் அறியாவிடினும், அச்சொல்லின் உட்பொருளைச் சிறகால் அறிந்தவை. நம்மவரோ சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தே பெயரிட்டார்கள். அது நமக்கு முன்னால் வீசுகிறதா பின்னால் வீசுகிறதா என்பது அவரவர் போக்கைப் பொறுத்த சங்கதி என்று விட்டார்கள். பின்காற்றுக்கென்று கடலோடிகள் வழங்கும் தனிப்பெயர் ஒன்று உண்டா என்பதே பெரியவரிடம் நான் நிவர்த்திக்குக் கொண்டுபோன சந்தேகம்.

இனி, வரிசையைக் குறித்த சொல் காலத்தைக் குறித்தது எவ்வாறு என்பது. பாபிலோனியர் கையில் பிறந்த அறுபதின் கணக்கைப் பின்பற்றிய வானசாஸ்திரிகள், ஒரு முழுமையை அறுபதாகக் கூறிட்டு அதை முதற் சிறுபகுதி என்றும், அந்தச் சிறுபகுதியை மீண்டும் அறுபதாகக் கூறிட்டு அதை இரண்டாம் சிறுபகுதி என்றும் லத்தீனில் வழங்கினர். முதலாவதில் சிறு என்பது மட்டும் மிஞ்சி நிமிடத்தின் ஆங்கிலப் பெயராயிற்று. அடுத்ததில் இரண்டாம் என்பது மட்டும் மிஞ்சிச் செக்கனாயிற்று. பெயரடை நின்று பெயரை விழுங்கிய இந்தக் கதை நம் வீடுகளுக்குப் புதிதன்று: ஞானஸ்நானத்தில் வைத்த நாமம் பங்குப் பதிவேட்டிலேயே உறங்க, மூத்தவன் என்றும் இளையவன் என்றும் அழைக்கப்பட்டே கிழவராகிப்போனவர்கள் எத்தனை பேர்! கி.பி. 1000 ஐ ஒட்டி அல்-பிரூனி அமாவாசைகளின் காலத்தைக் கணித்தபோது செக்கனோடு அமையாது, மூன்றாம் பகுதி, நான்காம் பகுதி வரை இறங்கினார். அந்தக் கடைக்குட்டிகள் பிழைக்கவில்லை.

இவ்விடத்தில் என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றைப் பிரகடனம் செய்ய அனுமதி வேண்டுகிறேன். ஆங்கிலேயன் வரிசைக்கும் காலத்துக்கும் ஒரே உச்சரிப்பை வைத்துக்கொண்டு, சந்தர்ப்பத்தைப் பார்த்துப் பொருள் கொள் என்று கேட்பவனைத் தவிக்கவிடுகிறான். இலங்கைத் தமிழனோ காலத்துக்குச் செக்கன் என்றும் வரிசைக்குச் செக்கன்ட் என்றும் இரண்டாகப் பிரித்தான். பெரியவரின் நான்கு வாக்கியங்களையும் மறுபடி வாசித்துப் பாருங்கள்: முதலாவதில் இல்லாத டகர ஒற்று மற்ற மூன்றிலும் உண்டு. ஒற்றிழந்த செக்கன் நம் வீட்டுப் பிள்ளையாகி, செக்கனுக்கு, செக்கனில், செக்கன்கள் என்று வேற்றுமையும் பன்மையும் ஏற்று, விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் மீற்றருக்குப் பக்கத்தில் ஆசனம் பெற்றுவிட்டது. ஒற்றுள்ள செக்கன்ட் இன்னும் விருந்தாளிதான். தனியே நிற்கக் கூசி, ஹான்ட், ஷை, கிளாஸ், கியர், ஷோ என்று எவரையாவது கைப்பிடித்துக்கொண்டே வருகிறது. 1914 இல் திறந்து, 1990 இல் நின்று, 2015 மார்ச்சில் மறுபடி ஓடத் தொடங்கிய தலைமன்னார்ப் புகையிரதத்தில் அது ஒரு வகுப்பு. சர்வகலாசாலையில் அப்பர், லோவர் என இரண்டாகப் பிளந்த சித்தி. ஆடைத் தொழிற்சாலை கழித்துவிட்ட சட்டைக் குவியலிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும். முப்பது கிலோமீற்றர்ச் சொச்சம் கடலுக்கு அப்பால், இராமேசுவரத்தில் நிற்கும் ஒரு தனித்தமிழ் அன்பர், விநாடி இருக்கச் செக்கன் எதற்கு, நொடி இருக்க விநாடிதான் எதற்கு என்று கேட்பார். சமாதானம் வருமாறு. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு அறுபது விநாடி. ஆகவே நாளொன்றுக்கு 3,600 விநாடி. செக்கனோ 86,400. பஞ்சாங்கப் பிரகாரம் ஒரு விநாடிக்குள் இருபத்துநான்கு செக்கன் அடங்கும். இரண்டையும் ஒன்றென்று பாவித்தால், இருபத்துநான்கு ரூபாயை ஒரு ரூபாய் என்று ஐந்தொகையில் எழுதிய காசாளரின் கதியே நேரும். நொடி என்பது விரல் சொடுக்கும் நேரம். கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் தொல்காப்பியர் எழுத்தொலியின் மாத்திரைக்கே அளவாகக் கொண்டார், மீற்றருக்கன்று. அக்கரையில் மாத்திரையானது மருந்துக்கடைக்கு உத்தியோகம் மாறிப் போய்விட்டது. இக்கரையில் அந்த உத்தியோகத்தைக் குளிசை ஏற்றுக்கொண்டமையால் மாத்திரை இன்றும் இலக்கணத்திலேயே சுகமாக இருக்கிறது என்பதையும் அன்பர் கவனிப்பாராக.

போர்த்துக்கேயர் 1560 இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை, ஏறக்குறைய நூறாண்டு காலம் இந்தக் கரையில் செகுந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்கள் பாஷையில் திங்கட்கிழமைக்கு இரண்டாம் நாள் என்றே பெயர். அலுமாரியையும் மேசையையும் சப்பாத்தையும் வாங்கி வைத்துக்கொண்ட நாம் அந்தத் திங்கட்கிழமையை மட்டும் வாங்கவில்லை. திங்கட்கிழமையை விலை கொடுத்து வாங்குபவர் யாருமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அடுத்து, செக்கன் தூரமுமாகும். வங்காலையார் இன்று வள்ளத்தில் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவி பாகை, கலை, விகலை என்று இடத்தைக் காட்டக்கூடியது. சோதிடர் விகலை என்பதை ஆங்கிலத்தில் கேட்டால் அதுவும் செக்கனே. வடக்குத் தெற்காக ஒரு விகலை ஏறத்தாழ 31 மீற்றர். காலச் செக்கன் ஒன்று கழிவதற்குள் பூமி பதினைந்து விகலை உருண்டுவிடுகிறது. அதாவது வங்காலை ஊரானது, கோயிலோடும் வாடிகளோடும், செக்கனுக்கு 460 மீற்றர் வீதம் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. பெரியவரின் ஒரு செக்கனுக்குள் அவரும் நானும் 280 கிலோமீற்றர் போய்விட்டோம். ஆணி அவர் உதட்டிலேயே இருந்தது.

இந்த 280 கிலோமீற்றரில் ஒரு சூட்சுமம் இருப்பது வீடு திரும்பிக் கணக்கிட்ட பிறகே எனக்குப் புலப்பட்டது. இலங்கையின் மணி 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்த ரேகையோ இலங்கைத் தரையில் எங்கும் படாமல், கீழ்க்கரைக்கும் அப்பால் கடலில் ஓடுகிறது. வங்காலை ஏறத்தாழ 80 பாகையில் இருப்பதால், சராசரிக் கணக்கில், கடிகாரம் நண்பகல் என்று சொல்லிப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேலான பின்பே இங்கே சூரியன் உச்சிக்கு வருகிறான். பெரியவரின் செக்கனும் அவ்வளவே. கடிகாரத்துக்கும் வங்காலைச் சூரியனுக்கும் உள்ள வித்தியாசத்தையே அவர் ஒரு செக்கன் என்று நிறுத்து அளந்திருக்கிறார் என்ற சித்தாந்தத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். இதை மறுப்பவர் தம் கைக்கடிகாரத்துடன் நேரில் வருக.

மணியை மாற்றுவது அரசாங்கங்களுக்குச் சுலபம். 1996 மே மாதத்தில் இலங்கை மணியை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பி வாங்கி, மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள். விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த வன்னிப் பகுதிகளில் மணி மாறவேயில்லை. ஆதலால் பத்தாண்டு காலம் நம்மவர், எத்தனை மணி என்று கேட்டு, பழைய நேரமா புதிய நேரமா என்று மறுபடியும் கேட்டு, அதன் பிறகே ஒரு பயணத்தை நிச்சயிக்க வேண்டியிருந்தது. அக்காலத்திலும் செக்கன் கம்பி இரு பக்கமும் ஒரே இடத்தில்தான் நின்றது. செக்கனை மாற்றும் அதிகாரம் பாரிஸ் பக்கம் கூடும் சர்வதேச மகாநாட்டுக்கே உண்டு. அவர்கள் 1967 இல், சீசியம் அணு 9,192,631,770 முறை அதிரும் நேரமே செக்கன் என்று நிர்ணயித்தார்கள். பூமி அந்த வேகத்துக்கு ஈடுகொடாமல் பிந்துவதைக் கண்டு, 1972 முதல் 2016 முடிய 27 செக்கன்கள் இடையிடையே செருகப்பட்டன. நாற்பத்துநான்கு வருஷத்தில் இருபத்தேழு! தேநீர்க்கடை வாங்கில் ஒரு முற்பகலுக்கு நாங்கள் செருகுவது அதைவிட அதிகம்.

பெரியவர் நிமிர்ந்தார் என்றேன் அல்லவா. உதட்டிலிருந்த ஆணியை எடுத்து அதன் ஸ்தானத்தில் முடுக்கி, இஞ்சினைத் தம்பியுடன் சேர்ந்து தூக்கித் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிவிட்டு, "என்னவோ கேட்க வேணுமெண்டீங்க" என்றார். பின்காற்றுக்கு உங்களிடம் பெயர் உண்டா என்று கேட்டேன். லத்தீனையும் கொஞ்சம் சொன்னேன். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "இப்ப ஆர் மாஸ்டர் பாய் விரிக்கிறா?" என்று கயிற்றின் பிடியில் கைவைத்தார்.

முதல் இழுவைக்குப் புகை மட்டும் வந்தது. இரண்டாம் இழுவைக்கு இஞ்சின் பிடித்தது.