பெரிய ஜப்பானுக்குப் போன குட்டி ஜப்பான்காரன்

பேராண்டி, பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்ததுலேர்ந்து நீ பேசுறதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜப்பான்ல தெருவுல ஒரு துண்டுக் காகிதம் கிடக்காதாம். ரயில்ல ஒருத்தனும் வாய் திறக்க மாட்டானாம். டிப்ஸை வச்சுட்டு வந்தா பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் குடுத்துருவானாம். டீக்கடை பெஞ்சுல இருந்தவன்லாம் கிளாஸ் ஆறிப்போறது தெரியாம கேட்டான். பிளேன் ஓட்டுறவன் சொன்னா பொய்யா இருக்குமா? நானும் நம்பிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டேன்: அங்க எத்தனை நாளுப்பா இருந்தே?

“ஒரு நாள் தாத்தா. லேஓவர்.”

அடேங்கப்பா! நமக்குத் தீபாவளிக்கு வெடி போட சர்க்கார் குடுக்கிறதே ரெண்டு மணி நேரம். காலையில ஆறுலேர்ந்து ஏழு, ராத்திரி ஏழுலேர்ந்து எட்டு. உனக்கு முழுசா ஒரு நாள் குடுத்திருக்கான். நாலு தேசம் பாத்திருக்கலாமே, ஒண்ணோட ஏன் நிறுத்துனே?

சரி, அந்த ஒரு நாளையும் கணக்குப் பாப்போம். டெல்லியில ஏறி விடிய விடிய ஓட்டிக்கிட்டுப் போய் நரிட்டாவுல இறங்குனே. அந்த ஊர்க் கடிகாரம் நம்மளை விட மூணரை மணி நேரம் முந்தி. உங்க உத்தியோகக் கடிகாரம் கிரீன்விச் நேரம். உன் வயிறு மட்டும் இன்னும் சிவகாசித் திருத்தங்கல் ரோட்டு நேரம். மூணுக்கும் பஞ்சாயத்துப் பண்ணி, ஓட்டல் ரூம்ல திரையை இழுத்து மூடித் தூங்கி எந்திரிச்சா பொழுது சாஞ்சிருக்கும். நரிட்டாவுலேர்ந்து டோக்கியோ 60 கிலோமீட்டர். அங்க நீ போகவே இல்லைன்னு உன் அம்மா சொல்லிட்டா. அதாவது, மதுரை ஏர்போர்ட்ல இறங்கி, பெருங்குடியில ஒரு ராத்திரி படுத்து, ரெண்டு பரோட்டாவைத் தின்னுட்டு, சிவகாசிக்காரன் இப்படித்தான்னு ஒருத்தன் டோக்கியோவுல போய்ப் பேசுற மாதிரி. அவன் பேச்சைக் கேட்டா நமக்கு எப்படி இருக்கும், சொல்லு?

ஜப்பானைப் பத்தி என்கிட்ட யாரும் வாய் திறக்கக் கூடாதுப்பா. பூஜியாமா மலையை எத்தனை லட்சம் தாள்ல ஏத்தி இறக்குனவன் நான்! சீனரி காலண்டர்னா அந்த மலை இல்லாம ஆல்பமே போடமாட்டோம். அடியில ஏரி, ஓரத்துல ரோஸ் கலர்ப் பூ, கீழே ஏதோ ஒரு ஊர் ஜவுளிக்கடை விலாசம். அச்சுல கலரோட கலர் சேர்ற ரிஜிஸ்டர் கொஞ்சம் விலகுனா போதும், மலைக்கு ரெண்டு உச்சி முளைச்சுரும். கண்ணாடியை வச்சு மஞ்சளையும் நீலத்தையும் புள்ளி புள்ளியா சேத்து ஒட்ட வச்சது இந்தக் கைதான். நீ அந்த மலையை மேலேர்ந்து பாத்தேன்னு சொல்றே. மேகம் மூடியிருந்துச்சுன்னும் நீயே சொல்றே. என் மலையில என்னைக்கும் மேகம் கிடையாது.

நம்ம ஊரைக் குட்டி ஜப்பான்னு நேரு சொன்னதா எல்லாரும் பெருமையா சொல்வாங்க. ஆனா நமக்கும் ஜப்பானுக்கும் உள்ள சங்கதி அதுக்கும் முந்தி. ஒரு காலத்துல இந்தியாவுல அடுப்பெரிச்சது ஜப்பான் தீப்பெட்டி. பெட்டி மேல நம்ம சாமி படத்தையே ஒட்டி நமக்கே வித்தான். ஜப்பான்காரன் தீப்பெட்டியில நம்ம சாமி, நம்ம காலண்டர்ல அவன் மலை, பாத்துக்கோ. கல்கத்தாவுல குடியேறுன ஜப்பான்காரங்களும் அந்த ஊர் வியாபாரிகளும் சின்னச் சின்னதா தீப்பெட்டிப் பட்டறை வச்சிருந்தாங்க. 1922 வாக்குல நம்ம ஊர்லேர்ந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறி அங்க போனாங்க. பாஷை வேற, சாப்பாடு வேற. எட்டு மாசம் இருந்தாங்க. குச்சி எப்படி அடுக்குறது, மருந்து எந்தப் பதத்துல முக்குறது, பெட்டி எப்படி ஒட்டுறதுன்னு கையில படிஞ்சப்புறம்தான் திரும்புனாங்க. வானம் பாத்த இந்தக் கரிசல்ல அப்புறம் எத்தனை வீட்டுல அடுப்பெரிஞ்சதுன்னு உனக்குத் தெரியும், உன்னைப் படிக்க வச்ச காசும் அதுலேர்ந்து வந்ததுதான். வங்காளிகள் எப்படிப்பட்டவங்கன்னு அந்த ரெண்டு பேரும் ஊர்ல வந்து பேசுனதா நான் கேள்விப்படலை. மருந்தைப் பத்தித்தான் பேசியிருப்பாங்க.

கோவிச்சுக்காதே. நீ ஒண்ணுமே பாக்கலைன்னு நான் சொல்ல வரலை. பாத்ததை விட்டுட்டுப் பாக்காததைப் பேசுறேன்னுதான் சொல்றேன். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில, கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம், எங்கிட்ட என்ன சொன்னே? சாயங்காலம் கோயில் தெருப் பக்கம் நடந்தே. தெரு நெடுக விலாங்கு மீன் கடை. ஒரு பெரியவர் உயிரோட உள்ள விலாங்கைப் பலகையில போட்டு, தலையில ஒரு ஆணியை அறைஞ்சு, முதுகுப் பக்கமா ஒரே இழுப்புல பிளந்தாரு. ஏன் வயித்துப் பக்கம் பிளக்கலைன்னு விசாரிச்சிருக்கே. வயித்தைக் கிழிச்சுச் செத்துப்போற பழைய சாமுராய் வழக்கத்தை அது ஞாபகப்படுத்துமாம், அதனால அந்தப் பக்கத்துக்காரங்க முதுகைத்தான் பிளப்பாங்களாம். தெரு முடிவுல 940-ல ஆரம்பிச்ச கோயில். உள்ள சாமியார் நெருப்பு வளத்து, வேண்டுதல் எழுதுன கட்டையைப் போட்டு எரிப்பாராம், நம்ம ஹோமம் கணக்கா. அடேய், இதையெல்லாம் டீக்கடையில சொல்லாம துண்டுக் காகிதக் கதையை ஏன் சொன்னே?

அதை விட ஒண்ணு இருக்கு. உன் சீட்டுல உக்காந்தபடியே பாத்தது. பிளேன் கிளம்புறப்போ கீழே வேலை பாத்த ஆளுங்க வரிசையா நின்னு கையை ஆட்டி அனுப்புவாங்கன்னு சொன்னே. இன்னொண்ணும் சொன்னே: அங்க ரயில் ஓட்டுறவன் வெள்ளை உறையைப் போட்ட விரலை சிக்னலை நோக்கி நீட்டி, பச்சைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் வண்டியை நகட்டுவானாம். பக்கத்துல யாரும் இல்லாட்டியும் சொல்வானாம். கண்ணு பாத்ததைக் கையும் வாயும் சாட்சி சொல்லணும். நீங்களும் பிளேன்ல ஒருத்தன் சொல்ல ஒருத்தன் திருப்பிச் சொல்றவங்கதானே, அதனாலதான் அது உன் கண்ணுல பட்டிருக்கு.

நம்ம பட்டாசு ஆலையில ஒவ்வொரு ரூம் சுவத்துலயும் எழுதியிருக்கும், உள்ள எத்தனை பேரு, எத்தனை கிலோ மருந்துன்னு. பெயிண்ட் அழகா இருக்கும். யாரு அதைக் காட்டி வாய்விட்டுப் படிக்கா? 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சு 30 பேருக்கு மேல செத்துப் போனாங்களே, அங்கயும் சுவத்துல எழுத்து இருந்திருக்கும். அந்த வாரம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவன் நான். அதைப் பேசினா நையாண்டி வராது, விடு.

அடுத்த நடை எப்போ? ஜூலை கடைசி சனிக்கிழமை விழுற மாதிரி டூட்டி வாங்கிக்கோ. டோக்கியோவுல சுமிதா ஆத்தங்கரையில அன்னைக்கு வாணவேடிக்கை. பஞ்சத்துலயும் கொள்ளை நோய்லயும் செத்தவங்களுக்காக ஆரம்பிச்சதுன்னு அவங்க சொல்றாங்க. நாம நரகாசுரனுக்கு விடுற வெடியை அவங்க செத்த ஆத்மாவுக்கு விடுறாங்க. நல்ல குண்டு வெடிச்சுப் பூவா விரிஞ்சா சனங்க “தமாயா! ககியா!”ன்னு கத்துமாம். சாமி பேருன்னு நினைச்சிராதே, பழைய காலத்துல வாணம் செஞ்ச ரெண்டு கம்பெனிக்காரங்க பேரு! நம்ம ஆளு வெடியைப் போட்டுட்டுக் காதைப் பொத்திக்கிட்டு ஓடுறான், அட்டையில என்ன பேர் இருக்குன்னு பாத்தானா? செங்கோ ஹனபின்னு காகிதத்தைத் திரிச்சுச் செய்ற சின்ன மத்தாப்பு ஒண்ணு உண்டு. அது என்ன விலை, எவ்வளவு நேரம் எரியுது, நுனியில உருண்டை எப்போ சொட்டுதுன்னு எழுதிக்கிட்டு வா. சரக்கைக் கொண்டு வந்துறாதே, உத்தியோகம் போயிரும். நம்ம ஊர்ச் சரக்கு எதுவும் பிளேன் ஏறாதுன்னு உனக்கே தெரியும். வெடி கூடாது, தீப்பெட்டியைக் கையில வச்சிருந்தாலும் வாசல்லயே பிடுங்கிருவான். ஏறுறது காலண்டர் ஒண்ணுதான். ரெண்டு முருகன் காலண்டர் சுருட்டி வச்சிருக்கேன், கொண்டு போய் விலாங்குக் கடைப் பெரியவருக்கு ஒண்ணு குடு.

இன்னொரு சங்கதி. நாளைக்குத் திருத்தங்கல்லேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அவங்ககிட்ட ஜப்பானைப் பத்தி ஒரு மணி நேரம் பேசி வைக்காதே. பொண்ணோட அப்பா தீப்பெட்டிக்குக் குச்சி எண்ணி வளந்த மனுஷன், ஒரே கேள்விதான் கேப்பாரு: மாசத்துல எத்தனை நாள் வீட்டுல இருப்பீக மாப்பிள்ளை? லேஓவர்னு மட்டும் சொல்லிறாதே, காபியைக் குடிக்காமலே எந்திரிச்சுப் போயிருவாரு.