பெண்ணைக் கொடுத்தார், புற்றைக் கொடுக்கவில்லை

என் மாமியாருக்குத் தாராள மனசு. பெண்ணைக் கொடுத்தார். தலைதீபாவளிக்கு மோதிரம், ஆடிக்கு வேட்டி சட்டை, ஊர் திரும்பும் போதெல்லாம் வண்டி கொள்ளாத தேங்காய் என்று கொடுத்துக்கொண்டே இருப்பவர். புற்றுக்காளான் எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.

காங்கேயம் பக்கம் ஊர். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள், கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரங்கள், நடுநடுவே கறையான் புற்றுகள். புரட்டாசி, ஐப்பசியில் ராத்திரி இடி இடித்து மழை பெய்ததென்றால், விடிவதற்கு முன்பே அத்தை வீட்டில் இருக்க மாட்டார். வேலியோரம் எருமை கத்தின மாதிரி இருந்தது என்று ஏதாவது ஒரு சாக்கு. வீட்டில் எருமையே கிடையாது. திரும்பி வரும்போது முந்தானையில் ஒரு மூட்டை.

“எங்கீங்க அத்தை கெடைச்சுது?”

“காட்டுலதானுங்க மாப்பிள்ளை” என்று சொல்லிக் கையால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் தாராபுரம், வெள்ளகோவில், சென்னிமலை மூன்றும் அடங்கும்.

இந்தக் காளானின் அருமை புரட்டாசியில்தான் தெரியும். ஊரே கறியை நிறுத்திவிட்டுப் பெருமாளையும், இடையிடையே கோழியையும் நினைத்துக்கொண்டிருக்கிற மாதம் அது. சின்ன வெங்காயமும் மிளகும் வதக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிக் காளான் குழம்பு கொதித்தால், தெருவில் போகிறவர் நின்று சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். நாக்குக்கு அது கறி, பெருமாளுக்குக் காய். இரண்டு தரப்பையும் ஒரே சட்டியில் சமாதானம் செய்கிற பொருளை யார்தான் பங்கு போடுவார்கள்?

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது அத்தையின் சித்தாந்தம். படித்த திமிரில் நான் சிரித்ததுண்டு. ஆனால் இடிக்கும் நிலத்தடிக் காளானுக்கும் என்ன சம்பந்தம் என்று சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் புளூடார்க் விருந்தில் உட்கார்ந்து விவாதித்ததை எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் செயற்கை மின்னலைப் பாய்ச்சிப் பார்த்ததில், சில வகைக் காளான்களின் விளைச்சல் கூடியது. இதை அத்தையிடம் சொன்னேன். “ஏனுங்க மாப்பிள்ளை, அதுக்குப் போய்க் கரண்டு செலவு பண்ணுவாங்களா?” என்றார்.

உண்மையில் இந்த விவசாயத்தைச் செய்வது கறையான். இலை, சருகு, கட்டையை மென்று, மண்ணுக்கடியில் தேனடை போல ஒன்று கட்டி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. தன்னால் செரிக்க முடியாததைப் பூஞ்சை செரித்துக் கொடுக்க, அதைத் தின்று வாழ்கிறது. நல்ல மழை கண்டதும் அந்தப் பூஞ்சை நீளமான வேர் போல மேலே ஏறி, கூர்முனையால் மண்ணைப் பிளந்துகொண்டு குடை விரிக்கும். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-ல் இந்த இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி. பால் காளானையும் சிப்பிக் காளானையும் கொட்டகை போட்டு வளர்க்கிற மனிதனால், இதை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவர இன்னும் முடியவில்லை. கறையானும் தொழில் ரகசியத்தை வெளியே விடுவதில்லை. அத்தைக்கும் அதற்கும் நல்ல ஒற்றுமை.

சரி, இடத்தைத்தான் சொல்லவில்லை, நல்ல காளானைக் கண்டுபிடிக்கும் வித்தையையாவது கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். கிளாடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 54-ல் செத்ததற்கு, மனைவி அக்ரிப்பினா கொடுத்த காளானே காரணம் என்று ரோமாபுரிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். மனைவி வீட்டில் காளான் சாப்பிடுகிற எவரும் இந்த வரலாற்றைப் படித்துவைப்பது நல்லது.

ஆளுக்கொரு சோதனை சொன்னார்கள். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம் என்றார் ஒருவர். பூண்டு நிறம் மாறினால் விஷம் என்றார் இன்னொருவர். எதையும் நம்புவதற்கில்லை. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொலைகாரக் காளானின் நஞ்சு வெள்ளியையும் கறுப்பாக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரம் வரை ஆள் ‘பிரமாதம்’ என்று ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார். அதன் பிறகுதான் வாந்தி பேதி, அப்புறம் கல்லீரல். மச்சினன் தன் போனில் இருந்த செயலியால் ஒரு காளானைப் படம் பிடித்தான். ‘உண்ணலாம்’ என்றது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான். ‘நச்சு’ என்றது. பக்கத்தில் அத்தையின் கை தெரியும்படி பிடித்தபோது, ‘இஞ்சி’ என்றது.

கடைசியில் அத்தையிடமே கேட்டேன். “மூஞ்சியப் பாத்து எதையும் நம்பறதில்லீங்க மாப்பிள்ளை. பொறந்த எடம் தெரியோணும். இந்தப் புத்துல எங்கம்மா பொறுக்குனாங்க, நானும் பொறுக்கறேன். பக்கத்துல புதுசா ஒண்ணு நின்னா, தொட மாட்டேன்.”

எனக்குப் பெண் கொடுக்கும் முன் ஊரில் விசாரித்த முறையும் அச்சு அசலாக இதுதான். ஆகவே இடம் என்பது வெறும் ரகசியம் இல்லை. அறிவே அதில்தான் இருக்கிறது. ஒரு புற்றைக் காட்டிவிட்டால், மாப்பிள்ளை நாளைக்குக் கண்ட புற்றிலும் கை வைப்பார், அப்புறம் பெண்ணின் தாலிக்கு யார் பொறுப்பு என்று அவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையில் எனக்குச் சம்மதம்தான். ஆனாலும் ஆசை விடுகிறதா?

இப்போது எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. கொறங்காட்டுப் படல் வரைக்கும் கூடையைத் தூக்கி வரலாம். அதற்கு மேல் அனுமதி இல்லை. போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி உண்டு என்று மச்சினன் போட்டுக்கொடுத்ததிலிருந்து, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனை வேறு.

போன ஐப்பசியில் அத்தை என் மகளை உள்ளே அழைத்துப்போனார். ஏழு வயது. பரம்பரைச் சொத்து என் தலைக்கு மேலாகக் கைமாறுவதைப் படலுக்கு வெளியே நின்று பார்த்தேன். சாயங்காலம் கடைவீதிக்குக் கூட்டிப்போய்க் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்து, மெல்ல ஆரம்பித்தேன். பொறுமையாகக் கடைசி வரை நக்கித் தின்றுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இன்னொரு ஐஸ் வாங்கிக் குடுங்கப்பா. எங்கெங்க இல்லைன்னு வேணும்னா சொல்றேன்.”