சனிக்கிழமை சாஸ்திரம்

மனித ஜாதியில் கட்டடக் காண்டிராக்டரைப்போல் சுலபமாக உற்பத்தியாகிறவன் வேறு எவனும் இல்லை. வக்கீலாவதற்குப் பரீட்சை உண்டு. வைத்தியராவதற்குப் பிரேதத்தை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். புரோகிதராவதற்குக்கூட நாலு மந்திரமாவது பாடமாகியிருக்க வேண்டும். காண்டிராக்டராவதற்கோ, பெயரும் விலாசமும் அச்சடித்த காகிதக் கட்டு ஒன்றும், அதை நம்பி முன்பணம் கொடுக்கக்கூடிய தூரத்து உறவினர் ஒருவரும் இருந்தால் போதும். 1982-ல் அரசாங்கம் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தும்வரை சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கியாக வேண்டியிருந்ததே, அந்தக் காலத்தில் சென்னையில் நானும் இவ்விதமே காண்டிராக்டரானேன். தொழில் தெரிந்த பிறகுதான் தொழிலில் இறங்குவது என்று எல்லோரும் விரதம் பூண்டிருந்தால், பட்டணத்தில் பாதி வீடுகள் எழும்பியே இரா.

என் முதல் குரு, பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்று, திருவல்லிக்கேணித் திண்ணையொன்றில் விசிறியும் வெற்றிலைப் பெட்டியுமாக எழுந்தருளியிருந்த ஒரு பெரியவர். உலகம் மாயை என்று வேதாந்திகள் சொல்வது அவருக்கு முழுச் சம்மதம். ஆனால் அளவுப் புத்தகத்தில் ஏறிய உலகம் மட்டும் மாயையல்ல என்பது அவருடைய சித்தாந்தம். "ஓய், இடிந்த சுவரை மறுபடி கட்டிக்கொள்ளலாம். அளவு எழுதுவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளி மூடின அஸ்திவாரத்துக்குப் பிரம்மாவே வந்து சாட்சி சொன்னாலும் பில் பாஸாகாது" என்பார். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைத்துவிடும் என்ற மகாமந்திரத்தை எனக்கு உபதேசித்தவரும் அவரே. 12 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்குச் சுமார் 890 கிராம் என்று முணுமுணுத்துக்கொண்டே இரும்புக் கடைக்குள் நுழைந்தால், அங்குள்ள தராசு பயபக்தியோடு நேராக நிற்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது குருவான மேஸ்திரிக்குப் புத்தகமும் கிடையாது, புத்தகம் படித்தவர்களிடம் மதிப்பும் கிடையாது. சூளையிலிருந்து வந்து இறங்கும் செங்கல்லில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, கச்சேரியில் முன்வரிசை ரசிகர் சுருதியைக் கவனிப்பதுபோல் காதைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்றால் லாரி உள்ளே வரும், சத்தம் மந்தமானால் வந்த வழியே திரும்பும். மூலை மட்டம் பிடிப்பதற்குக் கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று முடிச்சிட்டு முக்கோணமாக இழுப்பார். இது பித்தாகரஸ் என்பவருடைய சூத்திரம் என்று ஒருநாள் என் கல்வியை அவரிடம் பிரகடனம் செய்தேன்.

"அவரு எந்த ஊரு மேஸ்திரிங்க, தம்பி?" என்று விசாரித்தார்.

கிரேக்க தேசத்தவர், காலமாகி இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் இருக்கும் என்றேன்.

"அப்ப கூலி பாக்கி ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார்.

இவ்விரு குருமார்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவது ஆபத்தென்பதைக் கூரை போட்ட தினத்திலேயே உணர்ந்தேன். கலவை குழைவாக ஓடினால்தான் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும் என்று மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க, தண்ணீர் ஏற ஏறக் கான்கிரீட்டின் பலம் இறங்கும் என்று ஓவர்சீயர் கைத்தடியைத் தூக்க, இருவருக்கும் நடுவே நான் இரு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். நிர்வாகம் என்பதில் பெரும்பகுதி இந்தத் தலையாட்டல்தான். போட்ட கூரையின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமில்லை.

மூன்றாவது குரு, மேற்படி தராசுக்கு உரிமையாளரான இரும்புக் கடை முதலாளி. கடனுக்குக் கம்பி கொடுத்து, அதன் விலையில் தம் குருதட்சிணையையும் சேர்த்துக்கொண்ட அந்த மகானுபாவர் சொன்னதுதான் தொழிலின் உபநிஷத்து: "கூரை போட்டு முடிச்சப்புறம் பணம் கேட்டீங்கன்னா, வீட்டுக்காரர் அந்த நிழல்ல உக்காந்து யோசிப்பாரு. கம்பி கட்டி நிக்கறப்பக் கேளுங்க. வெயில்ல நின்னுக்கிட்டே குடுப்பாரு." வீட்டுக்காரர்களின் மனோதத்துவத்தைப் பற்றி இதற்கு மிஞ்சிய ஆராய்ச்சி எதுவும் என் பார்வைக்கு வந்ததில்லை.

ஆயினும் வெயிலில் நின்று கொடுக்க வேண்டிய வீட்டுக்காரர் சனிக்கிழமையன்று பார்த்துத் திருப்பதிக்குப் போய்விடுவார். கட்டடத் தொழிலில் வாரத்துக்கு ஒரே நாள்தான், அது சனிக்கிழமை. மற்ற ஆறு நாட்களும் அதற்கு முஸ்தீபு. அன்று சாயங்காலம் கரணைகளைக் கழுவி வைத்துவிட்டு ஆட்கள் வரிசையாக வந்து நிற்கையில், முதலில் சித்தாள்களுக்கு, அப்புறம் கொத்தனார்களுக்கு, கடைசியில் தமக்கு என்று மேஸ்திரி கிரமம் வகுத்திருந்தார். திங்கட்கிழமை சித்தாள் வராவிட்டால் எந்தக் கொத்தனாருக்கும் கை இருந்து பிரயோஜனமில்லை என்பது அவர் கணக்கு. பணம் போதாத வாரங்களில் என் தர்மபத்தினியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்று திரும்பும். நாளாவட்டத்தில் அவை வழிகாட்டியில்லாமலே போய்வரும் அளவுக்குப் பழகிவிட்டன.

1892-ல் எழுந்து நின்ற ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் எதிரே நிற்கிறவர்கள் அதன் செந்நிற ஸ்தூபிகளைக் கண்டு பிரமிக்கிறார்கள். ஹென்றி இர்வின் துரையின் கலைத்திறனைப் போற்றுகிறார்கள். எனக்கோ, அதைக் கட்டிய காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார் அத்தனை ஆட்களுக்கும் எப்படிக் கூலிப் பட்டுவாடா செய்திருப்பார் என்ற ஒரே ஆச்சரியத்தில் கண் இருட்டிக்கொண்டு வரும்.

வீடு கட்டும் உத்தேசமுள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காண்டிராக்டருக்குச் சேர வேண்டியதை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை லக்ஷ்மியை வெளியே அனுப்பக் கூடாது என்ற நியமமுள்ளவர்கள் வியாழக்கிழமையே அனுப்பிவைக்கலாம். நாங்கள் ஆட்சேபிக்க மாட்டோம்.