சுவரின் குணம்

முன்பெல்லாம் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் கலந்து அடித்தால் வீடு புதிதாகிவிடும். சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகு வெளுக்கும். அது ஒன்றுதான் புகார். இப்போது கடையில் நிறத்தைச் சொன்னால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். "ஃபினிஷ் என்ன சார்? மேட்டா, சாட்டினா, செமி கிளாஸா?" என்று சம்பந்தி வீட்டார் போலக் குடைகிறார்கள்.

மேட் பெருந்தன்மையானது. கொத்தனார் விட்ட மேடு பள்ளம், பட்டி பார்த்தவர் எமரித்தாளால் தேய்க்க மறந்த இடம் எல்லாவற்றையும் மூடி மறைக்கும். ஆனால் கறையை அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் தனியே மின்னும். கிளாஸ் நேர்மாறு. கிரேயான் கிறுக்கல், குழம்புத் தெறிப்பு எல்லாம் ஈரத்துணிக்குப் போய்விடும். ஆனால் டியூப்லைட்டைப் போட்டதும் கொத்தனாரின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆக, கொத்தனாரைக் காப்பாற்ற மேட், பிள்ளைகளிடமிருந்து சுவரைக் காப்பாற்ற கிளாஸ். வீட்டில் இரு தரப்புக்கும் ஆள் இருப்பதால் பேச்சுவார்த்தை நீள்கிறது. பெயிண்டர் மட்டும் நடுநிலை: "எதுன்னாலும் அடிச்சிரலாம் சார், அட்வான்ஸ்தான்..."

தீர்ப்பு இதுதான்: சீலிங்குக்கு மேட், தாத்தாவின் தலையெண்ணெய் படியும் சோபா பக்கச் சுவருக்குச் சாட்டின், சமையலறைக்குச் செமி கிளாஸ். ஓதம் ஏறிய சுவருக்கு எந்த ஃபினிஷும் நிற்காது. அங்கே முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை.